ஓடையைக் காணோம் என்று மனு எழுதுங்கள்

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து மாம்பாக்கம் சாலையில் தெற்கே போனால் வரிசையாக ஊராட்சிகள். அதில் ஒன்றில் எங்கள் வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே அலுவலகத்துக்குத்தான் வீட்டு வரி கட்டப் போகணும். 2014-ல் மனை வாங்கி, அடுத்த வருஷமே ஆயிரம் சதுர அடியில் கட்டிக் குடிவந்தோம். வீட்டுக்காரருக்கு தோஹாவில் வேலை. பத்திரப் பதிவிலிருந்து ஃப்ரிட்ஜ் மிதந்த ராத்திரி வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்தது நானும் என் மாமியாரும்தான். பக்கத்தில் அடுக்குமாடி வந்தால் என்ன ஆகும், யாரிடம் என்ன கேட்கணும் என்று அப்போது ஒருத்தராவது சொல்லியிருந்தால் பல வருஷ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது ஞாபகம் இருக்கும். வீட்டுக்குப் பெயின்ட் வாசனைகூடப் போகாத நேரம். அன்றைக்கு எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். வாசல்படி ஏறவில்லை, மறுநாள் சாயங்காலத்துக்குள் வடிந்தும் விட்டது. காரணம், வீட்டுக்குப் பின்னால் வயல். வயலை ஒட்டி ஓர் ஓடை. மேலே இருக்கிற ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக இந்த ஓடையில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காட்டில் கடல். இந்தப் பாதையை நான் படித்துத் தெரிந்துகொண்டது ரொம்பப் பிற்பாடு. அப்போது எனக்கு அது தவளை கத்துகிற பள்ளம், அவ்வளவுதான்.

2018-ல் வயலைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் லாரிகள் வரும். கிராவல் பாதி, எங்கேயோ இடித்த கட்டடத்தின் ரப்பிஷ் பாதி. எங்கள் பின்சுவரில் வயல் பக்கமாக நின்று பார்த்தால் ஏழு வரிசை ஹாலோபிளாக் தெரியும். சில மாதத்தில் மூன்று வரிசைதான் தெரிந்தது. எதிர் வீட்டு அண்ணனிடம் சொன்னேன். "விடும்மா, அபார்ட்மென்ட் வந்தா நம்ம கிரவுண்டு ரேட்டு எங்கேயோ போயிடும்" என்றார். ரேட்டு போனது உண்மைதான். விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு அது லாபம். அங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு அந்த ரேட்டால் ஒரு குடம் தண்ணீர்கூட வராது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். தகரம் அடித்த வாரமே படம் எடுத்து வையுங்கள். உங்கள் சுவர், மின்கம்பம், மரம் என்று நகராத ஏதாவது ஒன்றோடு சேர்த்து, மண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள். என் பையன் அந்த வயலில் பட்டம் விட்டபோது எடுத்த ஒரு படம் போனில் கிடந்தது. பின்னால் ஏழு வரிசையும் எண்ணிக்கொள்கிற மாதிரி தெரியும். பிற்பாடு அதிகாரிகள் முன்னால் என் பக்கம் பேசிய முதல் சாட்சி அந்தப் படம்தான். தகரத்தில் அனுமதி எண் எழுதிய பலகை மாட்டியிருக்கணும். இருந்தால் அதையும் எடுங்கள், இல்லை என்றால் 'இல்லை' என்பதையே படமாக எடுத்து வையுங்கள். அந்த எண்ணும் திட்டத்தின் பெயரும் கிடைத்தால் தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அங்கீகரித்த வரைபடம் உட்படப் பார்த்துவிடலாம். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ 8 வீட்டுக்கு மேலோ இருந்தால் அங்கே பதிவு செய்தே ஆகணும்.

தண்ணீர்ப் பிரச்சினை வெள்ளத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கட்டுமானத்துக்கு உள்ளே போர் போட்டு இராப்பகலாக மோட்டார் ஓடியது. எங்கள் போர் 110 அடி. 2019 கோடையில் சென்னை முழுக்கவே காய்ந்த கதை தெரியும், ஏரிகளெல்லாம் வறண்டு கிடந்தன. அதில் எங்கள் போரும் போனது. பக்கத்து மோட்டாரால்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தெருக்கோடியில் தள்ளியிருந்த வீட்டுப் போரில் அப்போதும் தண்ணீர் வந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 700 ரூபாய்க்கு வந்த 6,000 லிட்டர் லாரி அந்த ஜூனில் 2,500 ஆனது, அதற்கும் நாலு நாள் முன்னாலேயே சொல்லி வைக்கணும். புது போர் 260 அடிக்கு இறக்கி, மோட்டார் மாற்றி, 1,45,000 ரூபாய். வந்த தண்ணீர் உப்பு. குடிக்க, சமைக்க இன்றைக்கு வரைக்கும் கேன்தான்.

அப்போதுதான் மனு எழுத ஆரம்பித்தேன். ஊராட்சி அலுவலகம், ஒன்றிய அலுவலகம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், முதல்வரின் உதவி மையமான 1100 எண். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. அரை நாள் லீவுக்கும் சம்பளம் பிடிப்பார்கள். அந்த வருஷங்களில் அப்படிப் பிடித்ததே முப்பதாயிரம் தாண்டும். எங்கே கொடுத்தாலும் மனு சுற்றிச் சுற்றி, கிணற்றில் போட்ட பந்து மாதிரி, முதலில் கொடுத்த அதே கிளார்க் மேஜைக்கே வந்து மிதக்கும். பதிலும் ஒரே பதில்: "மேற்படி கட்டுமானம் உரிய அனுமதி பெற்று நடைபெறுவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது." அழுகை வரும். அதைவிட அவமானம், "மேடம், நீங்களும் இங்க ஒரு நாள் வயல்லதானே வீடு கட்டினீங்க?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டது. கேள்வி நியாயமானதுதான். எங்கள் மனையும் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஆனால் அந்த லேஅவுட்டைப் போட்டவர்கள் ஓடையை விட்டுவிட்டுத்தான் போட்டிருந்தார்கள். இதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

மாற்றம் வந்தது எங்கள் ஊர்த் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரால். என் மனுவை வாங்கி வாசல் வெளிச்சத்தில் படித்தார். "வீடு அதிகமாயிடுச்சு, ரோடு போதல, தண்ணி இல்லன்னு எழுதியிருக்கியேம்மா, இதுக்கு யார் பதில் சொல்லுவா? ஓடையைக் காணோம்னு எழுது. சர்வே நம்பர் போட்டு எழுது. அப்ப சர்க்கார் சொத்து காணாம போச்சுன்னு ஆவுது. மூடி வைக்க முடியாது" என்றார். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரே பாடம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். 'வளர்ச்சி வேகமாகப் போகிறது' என்பது நம் கவலை, எந்த அலுவலகத்திலும் அதற்கு ஃபைல் கிடையாது. சர்வே எண், அகலம், மட்டம், இதற்கெல்லாம் ஃபைல் உண்டு.

எப்படி எடுப்பது? தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண் போட்டால் அ-பதிவேடு, அதாவது அந்த நிலம் என்ன வகை, யார் பேரில் என்று சொல்கிற கிராம நிலப் பதிவேட்டின் விவரம் வரும். 'ஓடை' என்றோ 'வாய்க்கால்' என்றோ 'அரசு புறம்போக்கு' என்றோ இருந்தால் அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். புல வரைபடம், அதாவது எஃப்எம்பி, அதில் ஓடையின் அளவு மீட்டரில் போட்டிருக்கும். ஊர் முழுக்கப் பார்க்கணும் என்றால் கிராம வரைபடம், சேப்பாக்கத்தில் இருக்கிற நில அளவைத் துறையில் பணம் கட்டினால் கிடைக்கும். மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குக் கோடு எப்படி ஓடுகிறது என்பது அதில்தான் புரியும். காகிதத்தில் எங்கள் ஓடை 6 மீட்டர் அகலம். தரையில் இருந்தது என்ன தெரியுமா? காம்பவுண்டு சுவருக்கு அடியில் ஒரு சிமென்ட் பைப்பு, விட்டம் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்கூட இல்லை.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்' என்று கேட்டால் 'கருத்து கூற இயலாது' என்று வரும். நகல் கேளுங்கள். இன்ன சர்வே எண்ணுக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், அதற்காக நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் நகல், அதில் விதித்த நிபந்தனைகள் நிறைவேறியதற்கான ஆய்வறிக்கையின் நகல். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதுவும் நகரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு முதல் மேல்முறையீட்டில் வந்தது. அந்தக் கவரைப் பிரித்துப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. மண்ணைக் கொட்டி மேடாக்கச் சொன்னதே அந்தச் சான்றுதான். தாழ்வான பகுதி, ஆகவே இன்ன மட்டத்துக்கு உயர்த்திக் கட்டணும் என்று நிபந்தனை. உள்ளே வாங்குகிறவருக்குத் தண்ணீர் ஏறக்கூடாது, சரி. வெளியே பக்கத்தில் இருக்கிறவன் கதி? அதற்கும் கீழேயே இரண்டு வரி இருந்தது. ஓடையின் அகலத்தைக் குறைக்கக் கூடாது, மனையைச் சுற்றி மழைநீர் வடிகால் அமைத்து ஓடையோடு இணைக்கணும். மேடாக்குவதை மட்டும் வரி பிசகாமல் செய்திருந்தார்கள். மூன்றாவது கேள்விக்கு, ஆய்வறிக்கைக்கு, "கோப்பில் இல்லை" என்று பதில். அந்த 'இல்லை'யைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கையில் இத்தனை காகிதம் இருந்தும் ஒன்றும் நகரவில்லை. கொரோனா ஒரு சாக்கு, தேர்தல் ஒரு சாக்கு. 2023 டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தேன். அது வந்ததோ பாத்ரூம் ஜாலி வழியாக. செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறைப் பீங்கானிலிருந்து குமிழ் குமிழாக மேலே ஏறியது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. (தாழ்வான இடத்தில் இருக்கிறவர்கள் கழிவுக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிடுங்கள், சில ஆயிரத்தில் முடிகிற வேலை. அவசரத்துக்குக் கழிவறைக் குழிக்குள்ளும் ஜாலி மேலும் மணல் மூட்டை.) மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, எதிர் வீட்டு அண்ணனும் அவர் பையனும் தூக்கி அவர்கள் மாடிக்குக் கொண்டுபோனார்கள். நள்ளிரவில் கரண்ட் இல்லாத வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து கதவில் முட்டிக்கொண்டே இருந்தது. 2015-ல் ஒரே நாளில் வடிந்த தண்ணீர் இந்த முறை நாலாவது நாளும் நின்றது.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வர்ட்டர், பிளைவுட் கட்டில், ஊறி உப்பிய சமையலறைக் கபோர்டு, ஸ்கூட்டர், சுவருக்குள் ஓடிய வயரிங் எல்லாம் சேர்த்து 3,80,000 ரூபாய்க்கு மேல். ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாயைக் குறை சொல்லமாட்டேன், அந்த வாரம் கையில் இருந்த ரொக்கமே அதுதான். எதிர் வீட்டு அண்ணன் தண்ணீர் வடிந்ததும் காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டார். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் மொத்தமும் போனது. இன்சூரன்ஸ்காரர்கள் அதையே காரணமாகச் சொல்லித் தட்டிவிட்டார்கள். முங்கிய வண்டியைச் சாவி போடாமல் டோ பண்ணித்தான் எடுக்கணும். வீட்டுக் கடனோடு வருகிற இன்சூரன்ஸ் பெரும்பாலும் கடன் வாங்கியவர் உயிருக்குத்தான். வீட்டுக்கும் சாமானுக்கும் தனியாக எடுக்கணும், வருஷத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் விலைதான் ஆகும்.

இப்போது நான் எதிர்பார்க்காத இடத்துக்கு வருகிறேன். பின்னால் இருக்கிற அடுக்குமாடிக்காரர்கள் மேல் எனக்கு அத்தனை வருஷமும் கோபம். அவர்கள் பால்கனியில் நின்று எங்கள் தெருவைப் படம் எடுத்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஆனால் மூன்றாம் நாள் அங்கிருந்துதான் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் குழந்தைக்குப் பால் தேடி வந்தார். பேஸ்மென்ட் கார் பார்க்கிங் முழுக்கத் தண்ணீர். மின் பேனலும் ஜெனரேட்டரும் அங்கேதான். லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை, பதினோராவது மாடிக்குப் பக்கெட் தூக்குகிறார்கள். "ப்ரோஷர்ல லேக் வியூன்னு போட்டிருந்தான்க்கா. லேக் இப்படி வீட்டுக்குள்ளயே வரும்னு சொல்லல" என்றார். அவர்தான் அவர்கள் சங்கத்தின் செயலாளர் என்பது பிறகு தெரிந்தது. 78 லட்சம் கொடுத்து வாங்கிய வீடு. தினமும் டேங்கர் தண்ணீர்தான், மாதப் பராமரிப்பில் பாதி அதற்கே போகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பேருக்கு இருக்கிறது, ராத்திரியில் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டுகிறது. அந்த 'எங்கேயோ' பெரும்பாலும் நம் ஊர் ஏரிதான்.

வாங்கியவர்களிடம் இருக்கிற ஆயுதம் பக்கத்து வீட்டுக்காரியிடம் கிடையாது. அவர்களிடம் ஒப்பந்தம் இருக்கிறது, அங்கீகரித்த வரைபடப்படி கட்டித் தரணும் என்று ரெரா சட்டம் இருக்கிறது, நிலத்தில் அவரவருக்கு உள்ள பிரிக்கப்படாத பாகத்துக்குப் பத்திரம் இருக்கிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கணும். அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எவ்வளவு, மழைநீர் எங்கே போகும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் அதை எடுத்தார்கள், நான் புல வரைபடத்தையும் தடையின்மைச் சான்றையும் அந்தக் 'கோப்பில் இல்லை'யையும் கொடுத்தேன். அவர்கள் ரெராவுக்குப் போனார்கள். கலெக்டருக்கு இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஒரே மனு. இத்தனை வருஷம் 'முடித்து வைக்கப்பட்ட' விஷயத்துக்கு, இருநூறு சொச்சம் வாக்காளர் கையெழுத்தோடு போனதும் கூட்டு ஆய்வுக்குத் தேதி வந்தது. வருவாய்த்துறை, நீர்வளத்துறை, ஊராட்சி, எல்லாரும் வந்தார்கள். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போய், அடுக்குமாடிக்கு உள்ளே, வாக்கிங் டிராக்கில் நின்றார். "இங்க தோண்டுங்க." பேவர் பிளாக்கைப் பெயர்த்து ஒரு முழம் தோண்டியதும் கல் தெரிந்தது. ஓடையின் எல்லைக் கல். தலையாரிப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். காம்பவுண்டு சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள், பைப்பை எடுத்துவிட்டு அகலமான பெட்டிப் பாலம் போட்டார்கள், வெளியே இருக்கிற நீளத்தைத் தூர்வாரினார்கள். உள்ளே போன ஓடையில் பாதிதான் திரும்பக் கிடைத்தது, மீதி வழக்கில் இருக்கிறது. அடுத்த மழைக்கு நம்பி உட்கார முடியாமல் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ஹரியானாவிலிருந்து வந்த ஆட்கள். சுவரடியை உடைத்து நூற்றுக்கணக்கில் ஜாக்கி சொருகி, ஒருவர் விசில் ஊத எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பியைக் கால் சுற்று திருப்புவார்கள். நாலு அடி தூக்க மூன்று வாரம். தூக்கியதற்குக் கொடுத்தது மொத்தச் செலவில் பாதிதான். தரை டைல்ஸ் முழுக்கப் போகும், குழாய் எல்லாம் அறுத்து மறுபடி போடணும், படிக்கட்டு புதிது. எல்லாம் சேர்ந்து 7,20,000. பேரம் பேசும்போது இந்தப் 'பிற்பாட்டுச் செலவை'யும் எழுதி வாங்குங்கள். தூக்கிய வருஷமே ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தினால் எல்லாம் வீண். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போடணும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவே போட்டிருக்கிறார். ரோடு போட வந்தவரிடம் அதன் அச்சைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் வந்தது, 1,247 ஹெக்டேர். 2025-ல் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தபோது, அரைக் கிரவுண்டில் சொந்தமாக ஒரு வீடு கட்ட நினைத்தவர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையால் வீட்டுக்கு மேலே ஒரு ரூம் போடக்கூட முடியவில்லை. பெரிய கட்டடங்கள் பலவும் அதற்கு முன்னாலேயே கட்டி, விற்று, முடிந்துவிட்டன. சதுப்பு நிலத்துக்குக் கொடுத்த கவனத்தில் கொஞ்சம் அதற்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஓடைகளுக்கும் கொடுத்திருந்தால் அந்த ஆசிரியை இப்படி மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவுக்கு மேற்கே இன்னொரு வயலில் இப்போது தகரம் அடிக்கிறார்கள். இந்த முறை லாரி வருவதற்கு முன்னாலேயே அ-பதிவேடு எடுத்தாயிற்று, அங்கே ஒரு வரத்து வாய்க்கால் இருக்கிறது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போனால் காபி குடித்துவிட்டு வராமல், 'இன்ன சர்வே எண்ணில் உள்ள வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்குங்கள். அடுக்குமாடிச் செயலாளரும் நானும் அந்த நகலை வைத்து சிஎம்டிஏ-வுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், திட்ட அனுமதி கொடுக்கிற இடம்) நீர்வளத்துறைக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை இரண்டும் வந்துவிட்டது, பதில் வரவில்லை. 30 நாள் ஆனதும் அடுத்த 10 ரூபாய் ஸ்டாம்ப்.